காசு குடுத்தவனுக்குத்தான் பூட்டு

வணக்கம் நேயர்களே. வீட்ல பசங்க "லாகின் ஆக மாட்டேங்குதுப்பா"ன்னு கத்துறதைக் கேட்டிருப்பீங்க இல்லையா, அந்த கேம் பூட்டு பத்திதான் இன்னிக்குப் பேசப் போறேன். காசு குடுத்து வாங்கினவன்தானான்னு சோதிக்க, கம்ப்யூட்டர் கேமுக்குள்ள கம்பெனிக்காரங்க வைக்கிற பூட்டுங்க அது.

2008-ல நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ரிச்சி ஸ்ட்ரீட்ல 999 ரூபா குடுத்து ஒரு ஒரிஜினல் கேம் டிவிடி வாங்கினேன். வாழ்க்கையில முதல் ஒரிஜினல், கவரைக் கிழிக்க மனசு வராம பிளேடு வச்சு பதமா அறுத்து எடுத்தேன். போட்டா, ஆக்டிவேட் பண்ண நெட் வேணும்னுது. வீட்ல ஏது நெட்? சிபியூவை போர்வையில சுத்தி மடியில வச்சுக்கிட்டு ஆட்டோ புடிச்சு பெரம்பூர் சித்தப்பா வீட்டுக்குப் போயி, அவரு பிராட்பேண்ட் வயரைக் கழட்டி நம்மதுல மாட்டி ஆக்டிவேட் பண்ணிட்டு வந்தேன். ரெண்டு மாசத்துல விண்டோஸ் ஊத்திக்கிச்சு, ஃபார்மட் பண்ணியாச்சு, மறுபடி போர்வை, மறுபடி பெரம்பூர். அப்புறம் ஹார்ட் டிஸ்க் போச்சு, மறுபடியும் அதே கதை. நாலாவது தடவை ஆக்டிவேட் பண்ணப் போனா "லிமிட் முடிஞ்சுது"ன்னு வருதுங்க. டிவிடி கையில இருக்கு, பில் கையில இருக்கு, ஆனா விளையாட முடியல. எதிர் வீட்டுத் தம்பி பர்மா பஜார்ல 50 ரூபாய்க்கு வாங்கின திருட்டு டிவிடியில அதே கேமை முடிச்சே முடிச்சுட்டான்.

கேம் பண்றவங்களுக்கு காசு போய்ச் சேரணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. முதல் சில வாரத்துலதான் பெரிய வியாபாரம், அதைக் காப்பாத்த நினைக்கிறது நியாயம். ஆனா திருடுறவன் பூட்டை உடைச்சுட்டுப் போயிடுறான், காசு குடுத்தவன்தான் வாசல்ல நிக்கிறான். அதே 2008-ல வந்த ஸ்போர் கேமுக்கு 3 தடவைதான் ஆக்டிவேட் பண்ணலாம்னு வச்சாங்க, ஜனங்க கொந்தளிச்சு அமேசான்ல ஒத்தை ஸ்டாரா குத்தித் தள்ளினாங்க, அப்புறம் 5 ஆக்கினாங்க. 2013-ல சிம்சிட்டி, தனியா உக்காந்து ஊர் கட்டுற கேம், அதுக்கும் நெட் வழியா கம்பெனியோட சர்வர்ல சேர்ந்தே இருக்கணும்னாங்க. வெளியான வாரமே சர்வர் படுத்துடுச்சு. நெட் இல்லாம ஆடுற வழி வர ஒரு வருஷம் ஆச்சு. காசு குடுத்தவன்தாங்க வாசல்ல நிக்கிறான், திரும்பத் திரும்ப அதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க, வேகமா சொல்லிடறேன். தி க்ரூ-ங்கிற கார் கேமோட சர்வரை 2024 மார்ச் 31-ல மூடினாங்க, வாங்கினவங்களுக்கு கேமே இல்ல. அதை எதிர்த்து ஐரோப்பாவுல 10 லட்சத்துக்கு மேல கையெழுத்து விழுந்துச்சு. பூட்டே இல்லாம விக்கிற கடையும் இருக்கு, ஜிஓஜின்னு, 2008-லேர்ந்து நடக்குது. வாங்கி, ஃபைலை பென்டிரைவ்ல போட்டு வச்சுக்கலாம், நெட் இல்லாத வீட்லயும் ஓடும். நன்றி, வணக்கம்.