மேளம் ஒரு நாள், டிக்கெட் ஆண்டு முழுக்க

பெரியோர்களே, தாய்மார்களே, தருமபுரிக்கு வரும் புது வண்டியை வரவேற்கத் திரண்டிருக்கும் நண்பர்களே, வணக்கம்.

1906-இல் மொரப்பூரிலிருந்து நம் ஊருக்குக் குறுகிய பாதை ரயில் வந்தது. பிறகு ஓசூர் வரை நீண்டது. 1941-இல், உலகப்போர்க் காலத்தில், அதை மூடிவிட்டார்கள். திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதையும் அப்போதுதான் போனது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை ரயில் திரும்பவில்லை. அப்படிப் பறிகொடுத்த மண் இது. ஒரு வண்டி கூடுதலாக வந்தால் பம்பை முழங்கத்தான் வேண்டும்.

ஆனால் தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அதைத் தொட வேண்டியதே இல்லை, நெருங்கினாலே பாயும். இரண்டு மீட்டருக்குள் எதுவும் போகக் கூடாது. ஈரமுள்ள வாழைமரத்தை நிமிர்த்திப் பிடிக்காதீர்கள். நீளக் கம்பில் கொடி கட்டி ஆட்டாதீர்கள். ஜரிகைத்தாள் பறக்கவிடும் குழாயும் வேண்டாம். படம் எடுக்க யாரும் இன்ஜின் மேலோ பெட்டி மேலோ ஏறக் கூடாது; இதில் இளைஞர்கள் மேல்தான் எனக்குக் கவலை.

வண்டி நிற்பது சில நிமிடம்தான். இன்ஜின் எந்த இடத்தில் நிற்கும் என்று நிலைய அதிகாரியிடம் முன்பே கேட்டு, மாலையின் இரு முனையிலும் கயிறு கட்டித் தயாராக இருங்கள். முகப்புக் கைப்பிடியில் கட்டினால் போதும். விளக்கு, ஓட்டுநரின் கண்ணாடி, ஹாரன், பிரேக் குழாய் எதையும் மாலை மறைக்கக் கூடாது. பூசணிக்காயை நிலையத்துக்கு வெளியே உடையுங்கள். நடைமேடையில் உடைத்தால் வழுக்கும். பட்டாசு நிலைய எல்லைக்குள் கூடவே கூடாது.

தொடக்க நாள் வண்டிக்குத் தனி எண், தனி நேரம். மறுநாள் அந்த நேரத்தை நம்பி வந்தால் வண்டி போயிருக்கும்.

மேளத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. புது நிறுத்தங்கள் பலவற்றைச் சோதனை முறையில்தான் தருகிறார்கள். அந்த நிலையத்தில் எத்தனை டிக்கெட் விற்றது என்று பார்த்துத்தான் நீட்டிப்பார்கள். பெங்களூரு போகிற நம்மவர் சிலர், இடம் கிடைக்கும் என்று சேலத்திலிருந்து முன்பதிவு செய்துவிட்டு இங்கே ஏறுகிறார்கள். அந்த விற்பனை சேலத்தின் கணக்கில் சேருகிறது. தருமபுரியில் ஏறுகிறவர்கள் தருமபுரியிலிருந்தே டிக்கெட் எடுங்கள்.