கபச்சுரப்பியில் சாயம் ஏன் பொய் சொல்கிறது

(மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

உயர்தர வகுப்பில், மூளைக்குக் கீழே இருந்து ஓமோன் சுரக்கும் கபச்சுரப்பியை இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். பிற்பக்கத்துக்கு மூளையிலிருந்து நரம்பு வருகிறது. முற்பக்கத்துக்கு நரம்பு வருவதில்லை, குருதி வழியே கட்டளை வருகிறது. இரண்டும் சரிதான். ஆனால் விடைத்தாளில் அம்புக்குறி போடுவது வேறு, அந்த அம்பை ஒரு மிருகத்தின் மூளையில் காட்டுவது வேறு. மனிதரில் இந்தச் சுரப்பி ஏறத்தாழ அரைக் கிராம் எடை. மண்டையோட்டின் அடியில் உள்ள எலும்புக் குழியில், மெல்லிய காம்பொன்றில் தொங்குகிறது. அந்தக் காம்பின் வழியே நரம்பிழையும் இறங்குகிறது, குருதிக் குழாயும் இறங்குகிறது. எது எந்தக் கட்டளையைச் சுமக்கிறது என்று பிரித்துச் சொல்ல அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1894இல் கஹால் வெள்ளிச் சாய முறையில் எலியின் பிற்பக்கச் சோணைக்குள் நரம்பிழைகள் நுழைவதைக் கண்டார். இழை தெரிந்தது, அதற்குள் என்ன போகிறது என்று தெரியவில்லை. அதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சதையியின் தீவுக் கலங்களைப் பார்ப்பதற்காகக் கோமோரி 1941இல் ஒரு சாயம் செய்திருந்தார். அதை 1949இல் பார்க்மன் நாயின் மூளையில் போட்டார். மூளையின் அடிப்பகுதியான பரிவகக்கீழின் பெரிய நரம்புக்கலங்கள் தொடங்கிக் காம்பு வழியே பிற்பக்கச் சோணை வரை ஒரே நீலக் கோடு! அந்தச் சாயம் பிடித்தது நரம்பை அல்ல, நரம்பு சுமந்த சரக்கை. நரம்புக்கலம் சுரக்கவும் செய்யும் என்று ஷாரர் 1928இலேயே ஒரு மீனைப் பார்த்துச் சொன்னபோது நம்பியவர்கள் சிலரே.

சரக்கு எந்தத் திசையில் போகிறது? காம்பை வெட்டிப் பார்த்தார்கள். வெட்டுக்கு மேலே நீலம் குவிந்தது, கீழே மெல்ல வெறுமையானது. கல்லடிப் பாலத்தை ஒருவழிப் பாதையாக்கி நடுவில் மறித்தால் வாகனம் எந்தப் பக்கம் தேங்கும் என்று யோசித்தால் போதும். இந்த வெட்டுப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

குருதிப் பக்கத்திலும் இதே திசைக் குழப்பம்தான். காம்பில் ஓடி ஒரு மயிர்த்துளைக்குழாய் வலையை இன்னொன்றோடு இணைக்கும் வாயி நாளங்களை 1930இல் போப்பாவும் ஃபீல்டிங்கும் விவரித்தார்கள். ஆனால் குருதி சுரப்பியிலிருந்து மூளைக்கு மேலேறுகிறது என்று எழுதினார்கள். இறந்த திசுவில் குழாய் தெரியும், ஓட்டம் தெரியாது. 1949இல் கிரீனும் ஹரிசும் உயிருள்ள எலியின் காம்பை நுணுக்குக்காட்டியில் பார்த்து, ஓட்டம் கீழ்நோக்கியே என்று காட்டினார்கள். 1952இல் ஹரிசும் யேக்கப்சனும் கபச்சுரப்பியை எடுத்து வேறிடங்களில் ஒட்டினார்கள். பரிவகக்கீழின் அடியில் ஒட்டியது மீண்டும் வேலை செய்தது. மூளையின் பக்கச் சோணைக்குக் கீழே ஒட்டியது, குருதி நன்றாகக் கிடைத்தும், வேலை செய்யவில்லை. ஆகவே எந்தக் குருதி என்பதே முக்கியம்.

இனி நரம்பைத் தடம் பிடிக்கும் வேலைக்கு வருவோம்.

1970களில் வந்த முறை, நரம்பு முனையில் ஒரு பொருளைக் கொடுத்து, அது இழை வழியே கல உடலுக்குத் திரும்பிப் போவதைப் பார்ப்பது. குதிரைமுள்ளங்கியிலிருந்து எடுக்கும் பெரொக்சிடேசு என்ற நொதியம் அதற்கு நன்றாக உதவியது. எலியின் பிற்பக்கச் சோணைக்குள் மிக நுண்ணிய அளவில் செலுத்தி, ஒன்றிரண்டு நாள் விட்டு, மூளையைச் சீவி, நொதியத்தைக் கபில நிறமாக மாற்றும் தாக்கத்தைச் செய்தால், எந்தக் கலங்களில் நிறம் நிற்கிறதோ அவையே நரம்பு அனுப்பியவை. 1975இல் இப்படி எலியில் இரு கூட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று பார்வை நரம்புக் குறுக்குக்கு மேலே, மற்றது மூன்றாம் மூளையறையின் ஓரத்தில்.

பொறி இங்கேதான் இருக்கிறது. குருதியில் உள்ள பல பொருள்களை மூளைக்குள் விடாத குருதி–மூளைத் தடுப்பு மூளையின் பெரும்பகுதியைச் சுற்றி உண்டு. கபச்சுரப்பி அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. அதன் மயிர்த்துளைக்குழாய்கள் சல்லடை போன்றவை. ஆகவே சுரப்பிக்குள் கொடுத்த சாயத்தில் ஒரு பங்கு உடனே குருதிக்குப் போகிறது. குருதிக்குப் போனால் உடலெங்கும் போகிறது. தடுப்புக்கு வெளியே முனை வைத்திருக்கும் எந்த நரம்புக்கலமும் அதை உறிஞ்சும். தசைக்கு நரம்பு அனுப்பும் முதுகுநாண் கலங்கள் கூட நிறம் பிடிக்கும். 1976இல் பெரொக்சிடேசை நாளத்தில் மட்டும் செலுத்தியே இதைக் காட்டிவிட்டார்கள். சுரப்பியைத் தொடாமலே, சுரப்பிக்கு நரம்பு அனுப்பும் கலங்கள் நிறம் பிடித்தன.

ஆகவே கபச்சுரப்பிக்குச் சாயம் கொடுக்கும் எவரும் இன்னொரு மிருகத்துக்கு அதே அளவை வால் நாளத்தில் கொடுக்கவேண்டும். இரண்டிலும் ஒரே படம் வந்தால், சுரப்பியில் ஏற்றிய ஊசி எதையும் நிரூபிக்கவில்லை. கட்டுப்பாட்டு விலங்கு இல்லாத தடப்படத்தை நம்பவேண்டாம் என்பதே என் கருத்து. இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கும். காம்பின் தலைப்பகுதியில் ஊசி ஏற்றினால், அங்கே முடியாமல் கடந்துபோகும் இழைகளும் கிழிபட்டுச் சாயத்தை வாங்கும். பிற்பக்கச் சோணைக்குப் போகும் கலம், காம்புத் தலையில் முடிவது போலத் தோற்றம் தரும்.

சாயம் குருதிக்குக் கசியும் குறையையே பின்னர் கருவியாக மாற்றினார்கள். ஒளிரும் சாயத்தை வேண்டுமென்றே குருதியில் கொடுத்தால், மூளையில் எந்தெந்தக் கலங்களின் முனை தடுப்புக்கு வெளியே இருக்கிறது என்று ஒரே தடவையில் தெரிந்துவிடும்.

நம் குளத்து மீனுக்கு வருவோம், ஏனெனில் பாடப்புத்தக வரி அங்கே பொய்யாகிறது. எலும்பு மீன்களில் முற்பக்கக் கபச்சுரப்பிக்குள்ளேயே நரம்பு நேராக நுழைகிறது. நம்மில் உள்ளது போன்ற வாயி நாள ஏற்பாடு அவற்றில் இல்லை. சுரக்கும் கலத்துக்கு அருகிலேயே நரம்பு முனை கட்டளையை விடுகிறது. எனவே தடம் பிடிக்க மீன் மிக நல்ல மாதிரி.

இறந்து நிலைப்படுத்திய திசுவில் டி-ஐ என்ற செம்மஞ்சள் சாயம் மென்சவ்வு வழியே மெல்லப் பரவும். சுற்றோட்டம் நின்றுபோனதால் குருதிப் பொய் இங்கே இல்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, எட்டுப் பத்துச் சென்ரிமீற்றர் திலாப்பியாவை மயக்கிக் கொன்று, உடனே நான்கு வீத பரபோமல்டிகைட்டில் தலையை நிலைப்படுத்தவேண்டும். சந்தையில் ஐஸ் பெட்டியில் கிடந்த மீன் உதவாது. சவ்வுகள் குலைந்திருக்கும், சாயம் கறையாகவே பரவும்.

எல்லோரும் முதலில் செய்யும் தவறு, மண்டையை மேலிருந்து திறந்து மூளையைத் தூக்குவது. காம்பு அறுந்து, சுரப்பி குழியிலேயே தங்கிவிடும். சுரப்பியை மட்டும் சேகரிப்பவர்களுக்கு அது வசதி, நமக்கு அது நட்டம். ஆகவே தலையை மல்லாத்தி வைத்து, கீழ்த்தாடையை வெட்டி நீக்கி, வாயின் மேற்கூரையில் நடுவே நீளும் தட்டை எலும்பைச் சிறு சிறு துண்டாகக் கொறிக்கவேண்டும். முதலில் பார்வை நரம்புகள் குறுக்காகத் தெரியும். அதற்குச் சற்றுப் பின்னால், மூளையின் இரு கீழ்ச் சோணைகளுக்கு இடையே, வெண்மையான ஒரு சிறு மணி. அதுதான் கபச்சுரப்பி. பாடசாலை ஆய்வுகூடத்தில் இதுவரை போகலாம். மீதிக்குப் புளோரொளிர்வு நுணுக்குக்காட்டி வேண்டும்.

சாயப் பளிங்கு ஒன்றை நுண் ஊசி முனையில் எடுத்துச் சுரப்பிக்குள் செருகி, மேலே அகர் துளி விட்டு மூடி, இருட்டில் 37 பாகை செல்சியசில் சில கிழமை வைக்கவேண்டும். அவசரப்பட்டால் காம்பு மட்டுமே ஒளிரும். பின் அதிரும் அலகுள்ள வெட்டியால் 60 முதல் 100 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவி, அன்றே பார்க்கவேண்டும். அற்ககோலில் நீரகற்றினால் சாயம் கரைந்துபோகும். பிறபொருளெதிரியை உள்ளே விட ட்ரைற்றன் என்ற சவர்க்காரப் பொருளைச் சேர்த்தாலும் அப்படியே. எந்தக் கலம் எந்த ஓமோனைச் செய்கிறது என்றும் சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு இதுவே பெரும் இடைஞ்சல்.

சரியாக வந்தால் முன்மூளையின் அடியில் பார்வைமுன் பகுதியிலும், பரிவகக்கீழின் அடித்தளத்திலும் கலங்கள் ஒளிரும். நடுமூளைக் கூரை ஒளிர்ந்தால் அந்த மூளையை எறிந்துவிடுங்கள். பளிங்கு பார்வை நரம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

அப்படி ஒளிரும் பார்வைமுன் கலங்களில் சில, டோபமீன் என்ற நரம்புச் செய்திப் பொருளை விடும் கலங்கள். கெண்டையினங்களில் அவை முட்டையிடத் தூண்டும் ஓமோனை அடக்கி வைக்கின்றன. அம்பாறைக் குளங்களில் விடப்படும் ரோகு, கட்லா போன்றவை தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடுவதில்லை. குஞ்சு நிலையங்களில் பயன்படும் ஓவாப்பிரிம் ஊசியில் அந்த ஓமோனைச் சுரக்கத் தூண்டும் மூளை ஓமோனின் ஒப்புப்பொருளோடு டொம்பெரிடோனும் இருக்கிறது. வழமையான அளவு கிலோவுக்கு அரை மில்லிலீற்றர். டொம்பெரிடோன் நாம் வாந்திக்குக் குடிக்கும் அதே மருந்துதான். மூளைக்குள் சரியாக நுழையாது, ஆனால் கபச்சுரப்பி தடுப்புக்கு வெளியே இருப்பதால் அங்கே டோபமீனைத் தடுத்துவிடும். மனிதரில் அதே மருந்து சிலருக்குப் பால் சுரக்க வைப்பதும் இதே காரணத்தால்தான்.

இப்போது அந்த வெட்டுப் படம். தலையில் பலத்த அடிபட்டோ சத்திரசிகிச்சையிலோ காம்பு அறுந்தால், முதல் சில நாட்கள் நோயாளி லீற்றர் கணக்கில் தெளிந்த சிறுநீர் கழிப்பார். சிறுநீரைக் குறைக்கும் ஓமோனான அந்தச் சரக்கு வெட்டுக்கு மேலே மறிபட்டுவிட்டது. பிறகு திடீரென்று சிறுநீர் குறையும். குணமாகிறது என்று மகிழ்வதுதான் ஆபத்து. வெட்டுக்குக் கீழே சாகும் நரம்பு முனைகள் சேமித்த ஓமோனைக் கட்டுப்பாடின்றிக் கசிய விடுகின்றன. அந்த நேரத்தில் பழைய அளவிலேயே நீர் ஏற்றிக்கொண்டிருந்தால் குருதியில் சோடியம் சரிந்து வலிப்பு வரலாம். சேமிப்புத் தீர்ந்ததும் மீண்டும் சிறுநீர் பெருகும். அது நிலைக்குமா என்பது காம்பு எந்த உயரத்தில் அறுந்தது என்பதைப் பொறுத்தது. மேலே அறுந்தால் கல உடல்களே அதிகம் சாகும். தாழ அறுந்தால் பல கலங்கள் பிழைத்து, எஞ்சிய அடிக்கட்டையின் குருதிக் குழாய்களில் புதிய முனைகளை ஊன்றிக்கொள்ளும்.