முன்கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி சரிபார்க்க வேண்டுமா?

அடுத்த கேள்வி செந்தூலிலிருந்து ஓர் அக்கா அனுப்பியிருக்கிறார். நெடுஞ்சாலையில் லாரியிலிருந்து கல் தெறித்து அவருடைய பெரோடுவா மைவி காரின் முன்கண்ணாடி உடைந்துவிட்டது. வெளிப் பட்டறையில் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, முன்னால் உள்ளதைக் கண்டு கார் தானாகப் பிரேக் பிடிக்க உதவும் கேமராவுக்குக் கேலிபிரேஷன் (பார்க்கும் கோணத்தைச் சரிபார்த்து அமைப்பது) வேண்டாமா என்று கேட்டதற்கு, "டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லையே, தேவையில்லை" என்று பட்டறைப் போமன் (மெக்கானிக்) சொல்லிவிட்டாராம். அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள் அக்கா. விளக்கு எரியாததை வைத்துக் கேமரா சரி என்று சொல்லவே முடியாது. வயர் கழன்றால் எரியும், கேமராவை ஏதாவது மறைத்தால் எரியும், கோணம் ரொம்ப விலகினாலும் எரியும். கொஞ்சமாக விலகியிருந்தால் பல நேரம் எரியாது. தான் பார்க்கிற பக்கம்தான் நேர் என்று கேமரா எடுத்துக்கொள்ளும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு தெரியுமா? 1 டிகிரி விலகினால் 100 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் தள்ளிப் போய்விடும். நெடுஞ்சாலையில் ஒரு தடமே ஏறக்குறைய 3.5 மீட்டர்தான், ஆக பாதித் தடம் போச்சு. பக்கத்துத் தடத்து லாரிக்குச் சும்மா பிரேக் பிடிக்கலாம். நமக்கு நேர் முன்னால் போகிற மோட்டார்சைக்கிளைத் தவறவிடவும் கூடும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

மைவியில் இருப்பது இரட்டைக் கேமரா. இரண்டும் எடுக்கிற படத்துக்கு உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடும். கண்ணாடியின் வளைவோ கேமராவைத் தாங்கும் பிராக்கெட் ஒட்டிய இடமோ சற்று மாறினாலும் கணக்கு பிசகும்.

சரி, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். தரை சமமாக இருக்க வேண்டும். டயர் காற்றைக் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வைப்பார்கள். காரின் பின்பக்கச் சாமான் பெட்டியில் அரிசி மூட்டை கிடந்தால்கூட இறக்கச் சொல்வார்கள், ஏனென்றால் பின்பக்கம் தாழ்ந்தால் கேமரா மேலே பார்க்கும். அப்புறம் காரின் நடுக்கோட்டிலிருந்து அளந்து, முன்னால் கறுப்பு வெள்ளைப் பலகையை நிறுத்தி, கம்ப்யூட்டரை மாட்டுவார்கள். இதெல்லாம் இல்லாமல் பழைய கோளாறுக் குறியீட்டை அழித்துக் கொடுத்தால் அது கேலிபிரேஷன் ஆகாது. வேறு சில கார்களைக் கோடு தெளிவாகத் தெரிகிற சாலையில் ஓட்டித்தான் செய்ய முடியும். கோலாலம்பூர் சாயங்கால மழையில் அது நடக்காது, காலையிலேயே போய்விடுங்கள்.

புதுக் கண்ணாடிக்கு டிண்டட் ஒட்டும்போது கேமரா பார்க்கிற இடத்தை விட்டு ஒட்டச் சொல்லுங்கள். முன் பம்பருக்குள் ராடார் உள்ள கார் என்றால், இடிபட்ட பம்பருக்குப் புட்டி பூசிப் பெயிண்ட் அடித்தாலும் சரிபார்க்க வேண்டும்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தார். இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தனியாகக் காப்பு எடுத்திருந்தால், அதில் கிளைம் செய்வதால் என்சிடி (கிளைம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) குறையாது. கேலிபிரேஷன் கூலியும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். அடுத்த முறை இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது அந்தக் கூலியையும் சேர்த்துக் கண்ணாடிக் காப்புத் தொகையை வையுங்கள்.

வேலை முடிந்ததும் உங்கள் சேசிஸ் எண் போட்ட ரிப்போர்ட்டை அச்செடுத்து வாங்குங்கள். அட்டைப்பெட்டியை வைத்துக் கார் தானாக நிற்கிறதா என்று வீட்டு வாசலில் சோதிக்கவே சோதிக்காதீர்கள்.