மஞ்சள் சத்தும் கீரைச் சத்தும் உடலில் சேர நானோ துகள்கள் உதவுமா?

வேலூரிலிருந்து உங்கள் அனைவருக்கும் வணக்கம். ஐடா ஸ்கடர் சாலையில் உள்ள மருந்துக் கடைகளில், மஞ்சளின் சத்தான குர்குமின் அடங்கிய, ‘நானோ குர்குமின்’ என்று அச்சிட்ட புட்டிகளும் மாத்திரை அட்டைகளும் இப்போது கண்ணில் படுகின்றன. அவற்றை வாங்கிக் கொடுக்கலாமா என்று வயதான பெற்றோரை வைத்திருப்பவர்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே, உண்ணக்கூடிய பொருள்களால் செய்த, நானோமீட்டரில் (ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளக்கப்படும் மிகச் சிறிய நானோ துகள்கள் தாவரச் சத்துகளை உடலுக்குள் எப்படிக் கொண்டு சேர்க்கின்றன என்பதை இன்று பேசுகிறேன்.

மஞ்சள்தூளின் எடையில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதமே. அது நீரில் கரைவதில்லை. குடல் உறிஞ்சும் சிறு பங்கையும் குடல் சுவரும் கல்லீரலும் விரைவாக உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. 1998-இல் வெளியான பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த குர்குமினின் அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்தது.

முருங்கைக்கீரையில் உள்ள, உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டினுக்குத் தேவைப்படுவது எண்ணெய். நம் பக்கத்தில் செய்வதுபோல் கீரையை வேகவைத்துக் கடலை எண்ணெயில் வதக்கும்போது, இலையின் செல்சுவர் தளர்ந்து கரோட்டின் எண்ணெய்க்கு மாறுகிறது. பிறகு குடலில் கணைய நொதி எண்ணெயை உடைக்க, உடைந்து வரும் கொழுப்பு அமிலங்களும் பித்த உப்புகளும் சேர்ந்து சில நானோமீட்டர் அளவுள்ள மிகச் சிறு திரள்களாகி, கரோட்டினைச் சுமந்துகொண்டு குடல் சுவரை அடைகின்றன. எனவே, நானோ அளவில் சத்தைச் சுமப்பது நம் உடலுக்குப் புதிதன்று. எண்ணெய் சேர்த்து உண்ணும் வீட்டில் முருங்கைக்கீரைச் சத்துக்காக யாரும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன்.

எண்ணெயே இல்லாத பானத்திலோ, நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சியிலோ அந்தச் சத்தைக் கலக்க விரும்பும்போதுதான் இத்தொழில்நுட்பம் உண்மையில் பயன்படுகிறது. 10,000 நானோமீட்டர் விட்டமுள்ள எண்ணெய்த் துளிகளை 100 நானோமீட்டர் துளிகளாக உடைத்தால், அதே அளவு எண்ணெயின் மொத்தப் பரப்பு 100 மடங்காகிறது. நொதி துளியின் பரப்பில்தான் வேலை செய்யும் என்பதால் செரிமானம் விரைவாகிறது. இங்கும் எந்த எண்ணெய் என்பது முக்கியம். கடலை எண்ணெய் போன்ற செரிக்கும் எண்ணெய் கரோட்டினைச் சுமக்கும் திரள்களை உண்டாக்கும். வாசனைக்காகச் சேர்க்கப்படும் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் அப்படிச் செரிந்து திரள்களைத் தருவதில்லை.

எண்ணெய் மட்டுமன்றிப் புரதங்களும் சுமைதாங்கிகளாகின்றன. பாலில் இயற்கையாகவே நானோ அளவுத் திரள்களாக இருக்கும் கேசீன், கால்சியத்தைச் சுமப்பதோடு குர்குமினையும் தன்னுள் பற்றிக்கொள்ளும். மக்காச்சோளப் புரதமான செயீன் நீரில் கரையாது, நீர் கலந்த ஆல்கஹாலில் கரையும். அக்கரைசலில் குர்குமினைக் கலந்து தண்ணீரில் ஊற்றினால், புரதம் நுண்துகள்களாகப் பிரிந்து சத்தை உள்ளே பூட்டிக்கொள்கிறது. இவை குடலில் செரிக்கக்கூடியவை என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. உணவுக்கு வெண்ணிறம் தரச் சேர்க்கப்பட்டுவந்த, செரிக்காத டைட்டானியம் டையாக்சைடைப் பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் அறிவித்தது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் தடை செய்தது. ‘நானோ’ என்ற ஒரே பெயரால் இரண்டையும் சேர்த்து அஞ்சுவதும் தவறு, சேர்த்து நம்புவதும் தவறு.

ஆயினும், செரிக்கும் துகள் என்பதாலேயே அது கொண்டு சேர்க்கும் சத்து எந்த அளவிலும் நல்லது என்று ஆகிவிடாது. மஞ்சள், குர்குமின் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு ஏற்படலாம் என்று ஆஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023-இல் எச்சரித்தது. உறிஞ்சுதலைக் கூட்டிய தயாரிப்புகளிலும் அதிக அளவுகளிலும் அந்த ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்றும் அது சொன்னது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றியதன்று அந்த எச்சரிக்கை. நம் நாட்டில் மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறை 2020-இல் நானோ உணவுப் பொருள்களை மதிப்பிடுவதற்கான நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது; ஆனால் அவை கடையில் நிற்கும் நமக்கு உதவ வேண்டுமானால், துகள் எதனால் ஆனது என்பது தமிழில், படிக்கும் அளவு எழுத்தில், புட்டியின் மேலேயே இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

பெற்றோருக்குக் கல்லீரல் நோய் இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டாலோ, வாங்குவதற்கு முன் அந்தப் புட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அவர்களுடைய மருத்துவரிடம் காட்டுங்கள்.