குவீன்ஸ்டவுன் பழைய புளோக்: அந்த மூங்கில் கழிக் குழாய் போயே ஆகணும்!

வணக்கம் மக்களே! இன்னிக்குக் கொஞ்சம் காட்டமாத்தான் வந்திருக்கேன். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன்ல பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறதைப் பத்தி போன வீடியோவுல பேசினேன்ல, அதுக்குக் கீழ கமெண்ட்ல ஒரே பாட்டு: "பெயிண்ட் அடிச்சுட்டாங்க, அவ்வளவுதானே?" வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறது நகர மன்றம். அது முகத்துக்குப் போடுற பவுடர். நான் சொன்னது எச்ஐபி, அதாவது "இல்ல மேம்பாட்டுத் திட்டம்", வீட்டுக்குள்ள செய்ற வேலை. 2007-ல வந்தது.

உதாரணத்துக்குக் குவீன்ஸ்டவுன் ஸ்டெர்லிங் ரோடு 45, 48, 49 புளோக்கை எடுத்துக்கங்க. ஏழு மாடி. 1960 பிப்ரவரியில வீவக, அதாவது அரசாங்க வீடு கட்டுற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்துச்சு, அக்டோபர்ல இந்த மூணும் முடிஞ்சுடுச்சு. எட்டு மாசத்துல எப்படின்னு கேட்கிறவங்களுக்கு: அதுக்கு முன்னாடி வீடு கட்டிக்கிட்டு இருந்த எஸ்ஐடி (சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை) ஆரம்பிச்ச வேலை, வீவக முடிச்சது. முதன்முதலா வீடு சொந்தமா வாங்கலாம்னு 1964-ல திட்டம் வந்தப்பவும் குவீன்ஸ்டவுன்லதான் விற்பனை.

சரி, எச்ஐபியில என்னென்ன சரி பண்றாங்கன்னு பார்ப்போம். முதல்ல வீட்டுக்குள்ள இருக்கிற கூரை, அதாவது சீலிங். பழைய வீட்டுல குளியலறைக் கூரை, சமையலறைக் கூரை பெயர்ந்து விழும். ஏன்? காத்துல இருக்கிற கரியமில வாயு வருஷக்கணக்கா கான்கிரீட்டுக்குள்ள இறங்கி அதோட காரத்தன்மையைக் குறைக்குது. உள்ள இருக்கிற கம்பிக்குப் பாதுகாப்பு போயிடுது. ஈரமும் சேர்ந்தா துரு. துரு கம்பியை விடப் பருமன், அது தள்ளுற தள்ளுல மேல இருக்கிற கான்கிரீட் உடையுது. லேசாத் தட்டிப் பாருங்க, டொக்குனு உள்ள காலியா இருக்கிற மாதிரிச் சத்தம் வந்தா சந்தேகப்படுங்க.

சரி பண்றதுக்கு வரிசை இருக்கு: தளர்ந்ததையெல்லாம் கொத்தி எடுக்கணும், கம்பியைக் கம்பிப் பிரஷ்ஷால தேய்ச்சுத் துருவை எடுக்கணும், துரு தடுக்கிற பூச்சு, ஒட்டுப் பூச்சு, அப்புறம்தான் பாலிமர் கலந்த சிமெண்ட் கலவை. துருவை விட்டுட்டு மேலயே பூசினா உள்ள துரு வளர்ந்துக்கிட்டே இருக்கும், ஒட்டினது அப்படியே கழண்டு வரும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு ஆத்திரமா வரும். விரிசல் கண்ணுக்கே தெரியாதே!

இப்ப நம்ம செல்லப் பகை: மூங்கில் கழிக் குழாய். சமையலறை ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், கழியைச் சொருகித் துணி காயப்போடுவோம். கழியை எடுத்துட்டா அது ஒரு குட்டிக் கிணறு. மழைத்தண்ணி தேங்கும், ஏடிஸ் கொசு முட்டை போடும். மூடி போடணும், யாரு போடுறா? ஈரத்துணியோட கனமான கழியைத் தூக்கி ஜன்னலுக்கு வெளிய எக்கிச் சொருகுற வித்தை வேற! எச்ஐபியில இதை எடுத்துட்டுத் துணி காயவைக்கிற ரேக் மாட்டுறாங்க. எனக்கு இந்த ஒண்ணே போதும். போன வீடியோவுல இதையே ஆறு நிமிஷம் பேசினேன்னு திட்டினீங்க, இன்னும் பேசுவேன்.

கழிவுநீர்க் குழாயும் மாத்துவாங்க. அது மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே வரிசை. நடுவுல ஒரு வீடு "எனக்கு வேணாம்"னா குழாய் எங்க போகும்? அதனாலதான் அது எச்ஐபியோட அத்தியாவசியப் பட்டியல்ல, அதாவது எல்லா வீட்டுலயும் செஞ்சே ஆகணும்ங்கிற வேலைகள்ல இருக்கு. கான்கிரீட் வேலையும் அதுலதான். குடிமக்களுக்கு அதுக்குச் செலவு இல்ல. 30 ஆம்பியர் மின்சாரம் இருந்த வீட்டுக்கு 40 ஆகுது. ஏர்கான், வாட்டர் ஹீட்டர், ஓவன் எல்லாம் ஒண்ணாப் போட்டா ட்ரிப் ஆகுறவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

கழிவறை, வாசக்கதவு, இரும்புக் கேட், குப்பைக் குழாய் மூடி இதெல்லாம் விருப்பம், வேணும்னா செஞ்சுக்கலாம். குடிமக்கள் பங்கு: மூவறை வரைக்கும் 5 விழுக்காடு, நான்கறைக்கு 7.5, ஐந்தறைக்கு 10, எக்ஸிகியூட்டிவ் வீட்டுக்கு 12.5. ஐந்தே விழுக்காடு! இதையும் வேணாம்னு சொல்லிட்டு அப்புறம் தனியா கான்ட்ராக்டரைப் பிடிக்கிறவங்களை என்ன சொல்றது? ஒரு வீட்டு வேலை ஏறக்குறைய பத்து வேலை நாள்.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன். இதெல்லாம் நடக்கணும்னா முதல்ல வாக்கெடுப்பு. புளோக்ல தகுதியுள்ள குடிமக்கள் வீடுகள்ல 75 விழுக்காடு சரின்னு சொல்லணும்.

குவீன்ஸ்டவுன்லயே இருக்கிற டாங்லின் ஹால்ட் கதை வேற. அங்க 2014-ல செர்ஸ், அதாவது பழைய புளோக்கை எடுத்துக்கிட்டு மாற்று வீடு குடுக்கிற அரசாங்கத் திட்டம் அறிவிச்சாங்க: 31 புளோக், 3,480 வீடு, மொத்தமா இடிப்பு, மாற்று வீடு டாசன்ல. ஆர்க்கிட் பூ போட்ட பழைய சிங்கப்பூர் ஒரு வெள்ளி (டாலர்) நோட்டு வச்சிருக்கீங்களா? பின்பக்கம் திருப்புங்க. டாங்லின் ஹால்ட்டோட பத்து மாடி வீடுங்கதான்.