புறாவும் சுண்டல்காரரும்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் பல வருஷம் உளவியல் நடத்தினேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் மெரினா மணலில்தான் சரியாகப் புரிந்தது.

மாலை நடையில் ஒரு சுண்டல்காரரைப் பார்ப்பேன். தூக்குவாளியோடு காந்தி சிலைப் பக்கமும் கலங்கரை விளக்கத்துப் பக்கமும் மாறி மாறி நடப்பார். சிலைப் பக்கம்தான் கூட்டம், விற்பனையும் அங்கேதான். ஆனாலும் விளக்கத்துப் பக்கம் போகாமல் இருக்க மாட்டார். “இங்கேயே இருந்துவிடலாமே” என்று ஒருநாள் கேட்டேன்.

“இவங்க எல்லாம் இப்பதான் வாங்கிட்டாங்கம்மா. அந்தப் பக்கம் போய் நேரமாச்சு, புதுசா நாலு குடும்பம் வந்து உட்கார்ந்திருக்கும்” என்றார். அப்புறம், “அதுக்காக சும்மா சும்மா ஓட முடியுமா? மணல்ல இல்ல நடக்கணும்!” என்றார்.

நாலு குடும்பம், மணல். இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1961-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைன் புறாக்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். கூண்டுக்குள் கொத்துவதற்கு இரண்டு பட்டன். ஒன்றில் சராசரியாக 1.8 நிமிடத்துக்கு ஒருமுறை தீனி தயாராகும், மற்றதில் 9 நிமிடத்துக்கு ஒருமுறை. எப்போது என்று புறாவுக்குத் தெரியாது. தயாரான தீனி, புறா வந்து கொத்தும்வரை காத்திருக்கும். அதுதான் நாலு குடும்பம்! கிடைத்த தீனியில் ஆறில் ஐந்து பங்கு ஒரு பக்கம் என்றால், கொத்தலிலும் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு அந்தப் பக்கமே விழுந்தது. மீதி ஒரு பங்கை அது கைவிடவில்லை.

மணலும் உண்டு. பட்டன் மாறினால் முதல் 1.5 விநாடிக்குத் தீனி வராது. அந்தத் தாமதம் இல்லாவிட்டால் புறா இரண்டையும் மாற்றி மாற்றிக் கொத்திக்கொண்டே இருக்கும், அந்த ஆறில் ஐந்து பங்கு விகிதம் வெளிப்படாது.

தீனி போல, ஒரு செயலைத் தொடரச் செய்வதை வலுவூட்டல் என்கிறோம். “பையன் எந்நேரமும் போன்தான்” என்று பெற்றோர் வரும்போதெல்லாம் நான் ஒன்றுதான் கேட்பேன். போன் பக்கம் அவனுக்கு என்ன கிடைக்கிறது, புத்தகத்தின் பக்கம் என்ன கிடைக்கிறது? இரண்டு பக்கத்தையும் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், இரண்டு பக்கத்தையும். மூன்று கணக்குப் போட்டதும் “அடடே, சரியா வந்திருக்கே” என்று யாராவது சொல்கிறார்களா? திட்டு மட்டும் கிடைக்கிற பக்கம் யார் போவார்கள்?

நேரமாகிவிட்டதென்று நிலைய நண்பர் கை காட்டுகிறார். பலன் தாமதமாகக் கிடைப்பதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 1972-இல் ராக்லின், கிரீன் என்ற இரு உளவியலாளர்கள், உடனே கிடைக்கும் கொஞ்சம் தீனியா, 4 விநாடி பொறுத்தால் இரண்டு மடங்கா என்று புறாக்களிடம் வைத்தார்கள். புறாக்கள் உடனடித் தீனிக்கே போயின. இரண்டுமே கிடைக்க இன்னும் நேரம் இருக்கும்போது முன்கூட்டியே முடிவு செய்ய வைத்தால், பெரியதன் பக்கம் சாய்ந்தன. சம்பளம் வந்த அன்றே சீட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிற பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வணக்கம்.