சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் பல

[திரையில்: தட்டையான உலக வரைபடம். சிங்கப்பூரிலும் நியூயார்க்கிலும் ஒரு புள்ளி.]

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை எங்கும் நிற்காமல் பறக்க வேண்டும். எது குறுக்கு வழி? இந்த வரைபடத்தைப் பார்த்தால் ஸ்கேலை வைத்து வட ஆப்பிரிக்கா பக்கமாக ஒரு கோடு போடத் தோன்றும். அந்தக் கோட்டை நம்பாதீர்கள்.

[திரையில்: உலக உருண்டை. இரு ஊர்களுக்கு நடுவே ஒரு நூல்.]

உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டிப் போகிறது! சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178, கிட்டத்தட்ட 180, அதாவது அரை வட்டம். துருவத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அதனால் தூரத்தை நாமே கணக்குப் போடலாம். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க் 49.4 டிகிரி, மொத்தம் 138. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். பெருக்குங்கள்: 15,300 கிலோமீட்டர் சொச்சம்.

சரி, நேரம்? விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது, வகுத்தால் 17 மணி. தூரம் காட்டும் பல இணையதளங்கள் இப்படித்தான் வகுத்துச் சொல்கின்றன. ஆனால் விமானம் காற்றுக்குள் பறக்கிறது, அந்தக் காற்று சும்மா இருப்பதில்லை.

[திரையில்: மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் அம்புக்குறிகள்.]

பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அது பின்னாலிருந்து தள்ளினால் லாபம். அதனால்தான் நியூயார்க் போகும் விமானம் துருவத்தை விட்டுவிட்டுப் பசிபிக் கடல் மேலாகச் சுற்றிப் போவதுண்டு. தூரம் கூடும், நேரம் குறையும். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

காற்று வழிவிட்டாலும் நாடுகள் விட வேண்டுமே. 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஃபின்லாந்து விமான நிறுவனமான ஃபின்ஏரின் ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து சுமார் 13 மணி நேரமானது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன.

[திரையில்: இரண்டு கடிகாரங்கள்.]

அப்புறம், டிக்கெட்டில் இருக்கும் நேரம். 2018 அக்டோபர் 11 இரவு 11:37-க்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350 விமானம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளம்பி, நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்கில் மறுநாள் காலை 5:29-க்கு இறங்கியது. பார்த்தால் ஆறு மணி நேரம் கூட இல்லை! இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதால் வரும் மயக்கம் இது. அப்போது வித்தியாசம் 12 மணி. நவம்பரில் அமெரிக்கா கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அதுவே 13 ஆகிவிடும்.

குழப்பமில்லாமல் கணக்கிட, இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றுங்கள். சிங்கப்பூர் நேரத்தில் 8 மணி கழித்தால் பிற்பகல் 3:37. நியூவார்க் நேரத்தோடு 4 மணி கூட்டினால் மறுநாள் காலை 9:29. இடையில் இருப்பது 17 மணி 52 நிமிடம். அவர்கள் அட்டவணையில் போட்டிருந்ததைவிட அரை மணி முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.